ஹில்டா ப்ராஸருக்காகப் பின்னால் போனவர்கள்

ஹில்டா ப்ராஸர் எனக்கு ஒருநாளும் விரலைத் தூக்கிக் காட்டியதில்லை. இந்தக் குறை எனக்குப் பல வருடங்களாக இருந்தது.

எங்கள் நெதர்கோட் கிராமத்துப் பாதை ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வேலிச்செடி. எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடத்துக்கு யார் கிட்டத்தில் இருக்கிறாரோ அவர் வண்டியோடு பின்னால் போய் ஒதுங்குவார். தாண்டிப் போகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அவ்வளவுதான் நன்றி. எங்கள் ஊரில் சாவுக்கு வராதவனைக்கூட மன்னிப்பார்கள், விரல் தூக்காதவனை மன்னிக்க மாட்டார்கள்.

என் தொழில் வீடுகளின் கழிவுத் தொட்டியைக் காலி செய்வது. இந்தப் பக்கம் சாக்கடைக் குழாய் கிடையாது. பள்ளிக்கூடம் போதும் என்று வந்த நாளிலிருந்து இதே லாரி வேலை. நான் தொட்டி நிறையச் சரக்கோடு வளைவில் திரும்புவேன், எதிரே ஹில்டாவின் பச்சை ஆஸ்டின் கார் வரும். ஒதுங்கும் இடம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். அவர் நிறுத்துவார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, தலையில் நீலத் தொப்பியோடு, என்னை நேராகப் பார்ப்பார். கண் சிமிட்டமாட்டார். நான்தான் அத்தனை பெரிய லாரியைச் செடியில் உரசிக்கொண்டு பின்னால் கொண்டுபோவேன். அவர் என்னைத் தாண்டிப் போவார். விரல் அசையாது.

'கலப்பை' என்று எங்கள் பப்புக்குப் பெயர். அங்கே இதுதான் பேச்சு.

"கிழவிக்கு முதுகுல கண்ணு இல்லடா லெஸ், அதான்," என்பான் தபால்காரன் டெனிஸ் என்னிடம்.

"உனக்கு மட்டும் இருக்கா? போன வாரம் சர்ச் சுவத்துல கொண்டுபோய் இடிச்சியே."

"அது சுவரோட தப்பு. நான் ஹாரன் அடிச்சேன், நகரவே இல்ல."

"போய்க் கேளேன்டா, ஏம்மா பின்னால எடுக்க மாட்டேங்கிறன்னு. தினமும் அவங்க வீட்டுப் படியில நிக்கிறவன்தானே நீ."

"நீ போய்க் கேளு. அவங்க வீட்டுப் பீயையே அள்ளுறவன், உனக்கென்ன கூச்சம்?"

யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மழையைப் பற்றிக் கேட்கலாம், ரோஜாவைப் பற்றிக் கேட்கலாம். நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று ஒருவரைக் கேட்பது அவர் சமையலறை ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்ப்பது மாதிரி. திமிர் என்று முடிவுகட்டிவிட்டு எல்லாரும் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். பாதிரியாரும் போனார். வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் போனது.

திமிர் பிடித்தவர் செய்கிற வேலைகளை அவர் செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை சர்ச்சுக்குப் பூ கொண்டுபோவார். கண் தெரியாத இரண்டு பெண்களை லெட்பரி டவுனில் டாக்டரிடம் அழைத்துப்போவார். இருவருமே அவரைவிட வயதில் சின்னவர்கள். செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் எங்களுக்கு பஸ். கார் இல்லாதவர் நெதர்கோட்டில் இருக்க முடியாது. அவருடைய மகன் கிரஹாம் பிரிஸ்டலில் இருந்தான். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, லிஃப்ட் வைத்த ஒரு முதியோர் குடியிருப்பில் அம்மாவுக்கு வீடு பார்த்து வைத்திருந்தான். அம்மா கார் ஓட்டுவதை நிறுத்துகிற அன்று கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தான். இது ஊருக்கே தெரியும்.

ஹில்டாவின் பக்கத்துத் தோட்டம் விலைபோன வருடம், வசந்தத்தில் நான் அவர் வீட்டுத் தொட்டிக்குப் போனேன். முற்றத்தில் ஒரு பக்கம் கொட்டகைச் சுவர், மறு பக்கம் விறகு அடுக்கு. நடுவில் ஆஸ்டின், மூக்கை ஒரு புது மரவேலியில் முட்டிக்கொண்டு நின்றது. பக்கக் கண்ணாடியில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரு டயர் தொய்ந்திருந்தது.

"டவுன் பக்கம் போனா ஒரு வெண்ணெய்ப் பாக்கெட் வாங்கிட்டு வர முடியுமா மிஸ்டர் பெவன்?" என்றார் கதவருகில் நின்று. "கார்ல ஏதோ கோளாறு."

"குழாய் இழுக்க கார் தடுக்குது. சாவியக் குடுங்க, நகத்தி வெக்கிறேன்."

தயங்கிக் கொடுத்தார். சாவியைத் திருப்பினேன். முதல் தடவையே கிளம்பிவிட்டது. பின்னால் எடுத்துப் பாதைக்குக் கொண்டுபோய்விட்டு, வேலை முடிந்ததும் உள்ளே கொண்டுவந்து விடப்போனேன். அவர் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"அப்படி வேண்டாம். பின்பக்கமா உள்ள விட முடியுமா? மூஞ்சி ரோட்டப் பாத்து இருக்கட்டும்."

"வண்டி நல்லாத்தானே இருக்கு? கோளாறுன்னீங்க?"

அவர் கொட்டகைச் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "கோளாறு எனக்குத்தான். எனக்குப் பின்னால எடுக்கத் தெரியாது மிஸ்டர் பெவன்."

யுத்தக் காலத்தில் பரீட்சை இல்லாமலே லைசென்ஸ் கொடுத்தார்கள். அவர் பண்ணையில் உருளைக்கிழங்கு லாரி ஓட்டியிருக்கிறார். "வயல்ல திரும்புறதுக்கு இடமா இல்ல?" என்றார். பிறகு ரெஜ்ஜைக் கட்டிக்கொண்டார். ரெஜ் தினமும் சாயங்காலம் காரைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் பூட்ஸைக் கழற்றுவாராம். ரெஜ் காலமான பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரி தன் ஆப்பிள் மரங்களுக்கு நடுவே வழிவிட்டாள். முன்வாசலில் நுழைந்து, தோட்டம் வழியாக மறு சாலையில் ஏறிவிடலாம். சர்ச்சில் புல்வெளியைச் சுற்றி வந்துவிடலாம். டவுனில் கடை திறக்குமுன் போய், எதிரே வண்டி நிற்காத இடமாகப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். இப்படி முன்னால் மட்டுமே போய் ஒரு வாழ்க்கையை ஓட்டியிருக்கிறார் அந்த அம்மாள்.

தோட்டத்தை வாங்கிய லண்டன்காரர் ஜூலியன், மகளின் குட்டிக் குதிரைக்காக அந்த வழியை அடைத்து வேலி போட்டுவிட்டார்.

"உங்கள ஒரு வார்த்தை கேக்காமலா போட்டான்?"

"கேட்டாரே. கேக் எடுத்துட்டு வந்து கேட்டாரு. வேலி போட்டா உங்களுக்கு ஆட்சேபணை உண்டான்னு."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே இல்ல, ரொம்ப அழகா இருக்கும்னேன்."

"இப்பவே போய் நான் சொல்றேன்."

"கூடாது. ஆட்சேபணை இல்லன்னு சொன்னவ நான். கேக்கும் தின்னாச்சு. அதுவும் இல்லாம, இது வெளிய தெரிஞ்சா கிரஹாம் காதுக்குப் போகும். ஞாயித்துக்கிழமை வர்றான். காரு வேலியில முட்டிக்கிட்டு நின்னா பெட்டியக் கட்டச் சொல்லிடுவான். நான் அந்த லிஃப்ட்டுக்குள்ள போகமாட்டேன்."

காரைத் திருப்பி நிறுத்தி, டயருக்குக் காற்றடித்து, சிலந்தி வலையைத் துடைத்துவிட்டேன். கிரஹாம் ஞாயிற்றுக்கிழமை வந்து, முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனான்.

அதிலிருந்து அவர் வெளியே போய்வந்த நாட்களில், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் முற்றத்துக்குள் நுழைவேன். சாவி வெங்காயக் கூடையில் இருக்கும். திருப்பி வைத்துவிட்டு வந்துவிடுவேன். பேச்சு அதிகம் கிடையாது. "நாளைக்கு மழை" என்பார். "இருக்கும்" என்பேன். எப்போதாவது ஜன்னல் மேட்டில் ஒரு ஜாம் பாட்டில் இருக்கும். எனக்கென்று அவர் சொன்னதில்லை, எடுத்துக்கொள்வேன்.

கோடையில் ஒருநாள் ஜூலியன் வீட்டுத் தொட்டிக்குப் போனேன். அவர் குழாயிலிருந்து தள்ளி, காற்றடிக்கும் பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

"மிஸஸ் ப்ராஸர் மாதிரி பக்கத்து வீட்டுக்காரங்க கிடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்," என்றார். "வேலியில ஒரு கேட் வெச்சுத் தரட்டுமான்னு கேக்க நெனச்சேன். அப்புறம், எதுக்கு அவங்கள சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டேன். எதுனா வேணும்னா அவங்களே சொல்லியிருப்பாங்க, இல்லையா?"

"சொல்லியிருப்பாங்க," என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு மூடியைப் போட்டுத் திருகினேன். ஹில்டா சொல்லக்கூடாது என்றிருந்தார்.

இத்தனைக்குப் பிறகு பாதையில் விரலாவது கிடைக்கும் என்று நினைத்தேன். மறு வாரமே ஹில்டா வளைவில் எதிர்ப்பட்டார். ஒதுங்கும் இடம் அவர் முதுகுக்குப் பின்னால். நீலத் தொப்பி. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். நான் பின்னால் போனேன். அவர் தாண்டிப் போனார். விரல் அசையவில்லை. கையை எடுத்தால் வண்டி எங்கேயாவது போய்விடும் என்ற பயம்போல. கிட்டத்தில் பார்த்தபோது விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

"உனக்கும் கிழவிக்கும் என்னடா?" என்றான் டெனிஸ் பப்பில். "சாயங்காலமானா அங்க போற. வருஷத்துக்கு ஒரு தடவ காலி பண்ற தொட்டி, அவங்களுக்கு மட்டும் தினமும் நெறையுதா?"

"வயித்துக் கோளாறு," என்றேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் எங்கள் ஊர் நல்ல ஊர்.

டிசம்பரில் கடும் உறைபனி. சாயங்காலம் முற்றத்துக்குள் நுழைந்தால், அவர் பின்வாசல் படியின் கீழே கிடந்தார். பூ வாங்கிக்கொண்டு வந்து இறங்கியவர் வழுக்கி விழுந்துவிட்டார். சாமந்தி சுற்றிலும் சிதறிக்கிடந்தது. முறிந்தது இடுப்பு என்பது பார்த்ததுமே தெரிந்தது. என் கோட்டை அவர் மேல் போட்டேன். அதன் வாசனை எனக்குத் தெரியும். அவர் மூக்கைச் சுளிக்கவில்லை. உள்ளே போய் ஆம்புலன்ஸுக்கு போன் செய்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரொம்ப வலிக்குதா?"

"அப்படி ஒண்ணும் இல்ல," என்றார். உதடு நீலமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. முற்றத்தில் ஆஸ்டின் வேலியில் முட்டிக்கொண்டு நின்றதால் பாதையிலேயே நிறுத்தினார்கள். திரும்ப இடமில்லை, சர்ச் வரைக்கும் பின்னாலேயே போகவேண்டும் என்று டிரைவர் முணுமுணுத்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள்.

"உங்க பையனுக்குச் சொல்லிடலாமா?" என்று கேட்டாள் ஆம்புலன்ஸ் நர்ஸ்.

"சொல்லுங்க. நேரா இங்க வந்து என் துணிமணி எடுத்துட்டுதான் ஆஸ்பத்திரிக்கு வருவான்," என்றார் ஹில்டா. அவர் கண் என் பக்கம் திரும்பியது. கையைக் கம்பளிக்கு வெளியே எடுத்து, விரலை வளைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டார். குனிந்தேன்.

"கிரஹாம் வர்றதுக்குள்ள காரத் திருப்பி வெச்சிடு, லெஸ்," என்றார். "மூஞ்சி ரோட்டப் பாத்து இருக்கட்டும்."