மிச்சம் விழுந்த போல்ட்

அந்த மெக்கானிக்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கடைசியில் என் மனம் இளகிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவள் நான். பஸ்ஸில் இடிபட்டு, கண்டவன் கையைத் தட்டிவிட்டுப் போய்வந்த வருஷங்கள் போதும் என்று என் சம்பளத்தில் ஒரு பழைய கார் வாங்கினேன். வாழைத்தோப்புகளை ஒட்டி அந்தக் காரில் தனியாகப் போகிற முக்கால் மணி நேரத்தில்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதற்காகவே அதை விடமாட்டேன்.

போன ஆடியில் செல்ஃப் கத்த ஆரம்பித்தது. இஞ்சினைக் கிளப்புகிற மோட்டாரை எங்கள் பக்கம் செல்ஃப் என்றுதான் சொல்வோம். சாவியைத் திருகினால் 'கர்ர்ர்' என்று தகரத்தை அரைத்தது போல ஒரு சத்தம். தெரு நாய்கள் எழுந்து ஓடும். தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அதற்கு முந்தின மாதம் கிளட்ச் வேலை பார்த்தவரும் அவர்தான். மனிதர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. என்னைத் தாண்டி, பின்னால் நின்ற என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

"சார், பொம்பளையாள் கை. சாவியைத் திருகினா விடமாட்டாவ, பிடிச்சிட்டே இருப்பாவ. உள்ள பல்லு பூரா போயிருக்கும். இஞ்சினையே இறக்கணும். எதுக்கு இந்த இழவு? வந்த வெலைக்குத் தள்ளிருங்க. வேணும்னா நானே எடுத்துக்கிடுதேன்."

"சரி அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வாங்க" என்றார் என் வீட்டுக்காரர். என் காரை விற்கிறார்! பக்கத்தில் நிற்கிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

ராத்திரி படுத்தபோதுதான் கிளட்ச் வேலை நடந்த நாள் ஞாபகம் வந்தது. மெக்கானிக் ஒரு போல்ட்டைப் பழைய பிஸ்கட் டப்பாவில் டொக்கென்று போட்டுவிட்டு, "கழட்டி மாட்டுனா ஒண்ணாவது மிஞ்சணும் டீச்சர், அதான் தேர்ந்த கை" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்து என்னையே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

சனிக்கிழமை காலை, கத்தக் கத்தக் காரைக் கிளப்பிக்கொண்டு பேட்டைக்குப் போனேன். செல்ஃப் மோட்டார் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு மேலப்பாளையத்து பாய் அங்கே பட்டறை வைத்திருக்கிறார். முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருகச் சொன்னார். வெளிச்சம் மங்கவில்லை, பேட்டரியில் குறையில்லை. பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார்.

"டீச்சர், இங்கன குனிஞ்சு பாருங்க. கிளட்ச் வேலைக்கு இந்த செல்ஃபையும் கழட்டித்தான் மாட்டணும். மூணு போல்ட்டு இருக்கணும், ரெண்டுதான் இருக்கு. அதுலயும் ஒண்ணு கையாலயே சுத்துது."

மோட்டாரை வெளியே எடுத்துக் காட்டினார். அதன் பல்சக்கரம் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தது. மூக்குப் பக்கம் விரிசல். "மோட்டார் சாஞ்சு நின்னு கடிச்சிருக்கு. உங்க கைமேல ஒரு குத்தமும் இல்ல. இதை இனி சரி பண்ண முடியாது, வேற மோட்டார்தான்" என்றார். இஞ்சின் பக்கத்துப் பெரிய சக்கரத்தையும் டார்ச் அடித்துச் சுற்றிப் பார்த்தார். அது தப்பித்திருந்தது, இஞ்சினை இறக்க வேண்டிய வேலையே இல்லை.

"மாட்டுறதை நான் மாட்டுதேன் பாய்" என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். மூன்றாவது போல்ட்டை முறுக்கும்போது அந்த மெக்கானிக்கின் காதைத் திருகுவதாகவே நினைத்துக்கொண்டேன். "போதும் டீச்சர், மரை போயிரும்" என்று பாய்தான் தடுத்தார். சாவியைத் தொட்டதும் வண்டி கிளம்பிவிட்டது.

நேராக மெக்கானிக் கடைக்கு விட்டேன். நாலைந்து பேர் வண்டியோடு காத்திருந்தார்கள். வாசலில் நிறுத்தி அணைத்தேன், கிளப்பினேன், மறுபடி அணைத்தேன், மறுபடி கிளப்பினேன். ஆறேழு தடவை. எல்லோரும் திரும்பிப் பார்த்தபிறகு இறங்கி, பழைய மோட்டாரை அவர் மேஜையில் மடாரென்று வைத்தேன்.

"பல்லு பூரா போச்சுன்னீயளே அண்ணாச்சி, இந்தா பாருங்க. மூணு போல்ட்டுக்கு ரெண்டை மாட்டி அனுப்பிட்டு என் கையைச் சொல்லுதியளோ? அந்த டப்பாவுல எந்தப் போல்ட்டு என்னோடது?"

"ஒரு போல்ட்டுதான டீச்சர்..." என்று இழுத்தார்.

ஓரமாக நின்ற ஆட்டோக்காரர் ஒருவர், "ஏ அண்ணாச்சி, போன வாரம் என் வண்டியையும் நீருதான வே கழட்டுனீரு?" என்று கேட்டுவிட்டுத் தரையில் முட்டுக்குத்தித் தன் ஆட்டோவுக்கு அடியில் பார்த்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் செல்போன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் கிடந்து போல்ட் எண்ணினார்கள். மெக்கானிக்கின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் செல்ஃப் அடிக்கும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கண்ணாடியை விட்டு அகன்று, சீப்பை வைத்துவிட்டு வாசலுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை காலை நான் காரைக் கிளப்பி ஆராதனைக்குப் போய்விட்டேன். அவர் உள்ளே தலைவாரிக்கொண்டிருந்தார்.

பாதிப் பிரசங்கத்தில் வியர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். பிரசங்கம் மன்னிப்பைப் பற்றித்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, வண்டி எடுத்த சத்தமே கேக்கலையே!"

"கேக்காது. இனிமே நான் எப்பம் போனேன், எப்பம் வந்தேன்னு உங்களுக்குக் கேக்கவே கேக்காது."

அவர் கை கதவுப் பிடிக்கு வருவதற்குள் சாவியைத் திருகிவிட்டேன்.