அஞ்சு நிமிஷ ஜெபமும் செல்வராஜ் வயல் வடிகாலும்

சாஞ்ச நெல்லு தண்ணியிலயே முளைக்க ஆரம்பிச்சா ஒரு வாசனை வரும்... லேசா புளிச்ச மாவு மாதிரி. திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஒரு சின்ன கோயில்லதான் நான் முதன்முதலா பாஸ்டரா இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஜன்னல் வழியா உள்ள வந்தது அந்த வாசனைதான்.

தை மாசம். அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது மூணு நாள் விடாத மழை.

அதுக்கு முன்னாடி நடந்ததையும் சொல்லிடறேன்...

அந்த சபைக்குப் போனப்போ எனக்கு இருபத்தொம்பது வயசு. அங்க ஆராதனை எல்லாம் புஸ்தகத்துல உள்ளபடிதான். ஜெபமும் அச்சடிச்ச ஜெபம். நான் வாசிப்பேன், அவங்க "ஆமென்" சொல்வாங்க. நல்ல ஜெபங்கள்தான். ஆனா எதிர்ல உக்காந்திருக்கவங்களோட கவலை ஒண்ணுகூட அதுல இருக்காது. அதனால பிரசங்கம் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம், யார் வேணா எழுந்து சொந்த வார்த்தையில ஜெபிக்கலாம்னு அறிவிச்சேன்.

முதல் வாரம்... ஃபேன் சத்தம்.

ரெண்டாவது வாரம்... ஃபேன் சத்தம், நடுவுல ஒரு இருமல்.

மூணாவது வாரம் ஒருத்தர், ஆராதனை முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு வெளிய போய் செருப்பை மாட்டிட்டார்.

பீடத்துக்கு முன்னாடி கண்ணை மூடிட்டு நிப்பேன். காதெல்லாம் சூடாயிடும்.

சபைச் செயலாளர் ஆசீர்வாதம் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஆராதனை முடிஞ்சு நிதானமா வந்தார். "பாஸ்டரம்மா, நம்ம ஜனங்க கூச்சப்படுறாங்க. அதுவுமில்லாம, ஆண்டவர்கிட்ட 'தேவரீர்'னு பேசணும். இவங்களுக்கு அதெல்லாம் வராது. அடுத்த வாரம் கமிட்டியில வெச்சு நிறுத்திடுவோம்."

நான் சரின்னு தலையாட்டிட்டேன். உண்மையைச் சொன்னா, உள்ளுக்குள்ள கொஞ்சம் நிம்மதியா கூட இருந்துச்சு.

அந்த வாரம்தான் மழை. வீடு வீடா பாத்துட்டு வரப்போ, நடவு வேலை செய்யுற ஸ்டெல்லா அக்கா முழங்கால் தண்ணியில நின்னு, சாஞ்ச கதிரை நிமித்திக் கட்டிட்டு இருந்தாங்க. குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர். என்னைப் பாத்ததும் கொட்டித் தீத்துட்டாங்க... பயிரு, முட்டி வலி, பொண்ணு படிப்பு, எல்லாம்.

"இதை ஞாயித்துக்கிழமை ஜெபத்துல சொல்லக்கூடாதாக்கா?"

"எனக்கு அந்த பாஷை வராதும்மா. படிக்கவும் தெரியாது."

"இப்ப என்கிட்ட எந்த பாஷையில சொன்னீங்க? அதுவே போதும்."

சிரிச்சாங்க. வருவேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.

ஞாயித்துக்கிழமை. கடைசித் தடவைன்னு எனக்குத் தெரியும். "அஞ்சு நிமிஷம்..."னு சொல்லிட்டு கண்ணை மூடினேன். ஃபேன் சத்தம் மட்டும். மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன்.

கடைசி பெஞ்ச் கிறீச்சுன்னுச்சு.

"ஆண்டவரே, நான் ஸ்டெல்லா பேசுறேன். வாய்க்காக் கரைத் தெருவுல கடைசி வீடு. உங்களுக்கே தெரியும், இருந்தாலும் சொல்றேன். வயல்ல தண்ணி நிக்குதுங்க. இன்னும் ரெண்டு நாள் நின்னா போச்சு. தண்ணி வடியணும். அவ்வளவுதாங்க."

தேவரீர்னு சொல்லல, "உங்களுக்கு"ன்னாங்க. விலாசம் சொன்னாங்க. ஒருத்தரும் சிரிக்கல. அங்கங்க மூக்கை உறிஞ்சுற சத்தம்தான் கேட்டுச்சு. அடுத்து ஒரு குரல், மகனோட விசாவுக்காக. அதுக்கடுத்து டைலர் ஒருத்தர், தன் கண்ணுக்காக.

அப்போ முன் வரிசையில ஆசீர்வாதம் சார் எழுந்தார். நிறுத்தச் சொல்லப் போறார்னே நினைச்சேன்.

ரெண்டு கையையும் கூப்பினார். அப்புறம்...

"ஆண்டவரே, என் தம்பி செல்வராஜ் மூணாவது பெஞ்சுல இருக்கான். வரப்புத் தகராறுல நாங்க பேசி ஏழு வருஷம் ஆச்சு. எங்க பக்கம் உள்ள வயல் தண்ணி பூரா அவன் வயல் வழியாத்தான் வடியணும். ஸ்டெல்லா வயலும் அதுல சேத்தி. பழைய வடிகாலை அவன் அடைச்சு வெச்சிருக்கான். தப்பு எம்மேலயும் இருக்கு. அவன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. நீங்க கேளுங்க."



மூணாவது பெஞ்சுலேருந்து கரகரன்னு ஒரு குரல். "ஆண்டவரே, வடிகாலை வெட்டி விட்டுடறேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

நான் ஆமென் சொன்னேனா இல்லையான்னு இன்னிக்கும் ஞாபகம் இல்ல. மத்தியானச் சோத்துக்குக்கூட யாரும் வீட்டுக்குப் போகல. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, மம்பட்டியோட இருபது முப்பது பேர். அண்ணனும் தம்பியும் ஒரே குழியில நின்னு மண்ணை அள்ளிப் போட்டாங்க. பேச்சு பெருசா இல்ல. "அந்தப் பக்கம் தள்ளு"ன்னார் அண்ணன். தம்பி தள்ளினார். தண்ணி திடும்னு இறங்கி ஓடினப்போ வரப்பு மேல நின்ன பொம்பளைங்க கை தட்டிட்டாங்க... நானும்தான்.

கொஞ்சம் நெல்லு முளைச்சுதான் போச்சு. ஆனா முக்கால்வாசியை அறுத்துட்டோம். ஸ்டெல்லா அக்காவும்தான்.

கமிட்டி மீட்டிங் அந்த சாயந்திரமே நடந்துச்சு. ஆசீர்வாதம் சார் கால்ல சேறு காயல. மினிட்ஸ் நோட்டுல அவரே எழுதினார்: சொந்த ஜெபத்துக்கு அஞ்சு நிமிஷம் போதாது, இனி பத்து நிமிஷம்.

இப்போ நான் தஞ்சாவூர்ல, டவுன் சபையில இருக்கேன். ஏசி, ஸ்கிரீன், நல்ல மைக். ஜெப விண்ணப்பம் எல்லாம் வாட்ஸப்ல வருது. பதிலுக்கு கூப்பின கை எமோஜி வரிசையா வரும், அதோட முடிஞ்சிடும். அந்த ஊர்ல ஒருத்தர் ஜெபிச்சா பாதி சபை வேட்டியை மடிச்சுக் கட்டும். அதை நினைச்சா கொஞ்சம் ஏக்கமாத்தான் இருக்கு...

இருந்தாலும் இங்கயும் பத்து நிமிஷம் விடறேன். மூணு மாசம் அமைதிதான். நான் விடல.

போன வாரம், மெடிக்கல் ரெப்பா இருக்க ஒருத்தர் எழுந்தார். அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, செவ்வாய்க்கிழமை துணைக்கு இருக்க ஆள் இல்லன்னு ஜெபிச்சார். அவர் ஆமென் சொல்றதுக்குள்ள, பின்னாடி எங்கயோ இருந்து ஒரு பெண் குரல்...

"ஆண்டவரே, செவ்வாய்க்கிழமை நான் போறேன்."