தேளுக்கு விட்டுக்கொடுக்காத வீடு

ஒக்டோபர் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை. சுபஹுத் தொழுது, பிளேன்டீ குடித்து, முற்றம் கூட்டி, கோழிகளைத் திறந்துவிட்டேன். ஆறு நாற்பதுக்குத் தோட்டத்துக்குப் போடும் றப்பர் சப்பாத்தை எடுத்து, வழமைபோலக் குசினிப் படியில் மூன்று தரம் தட்டினேன். இடது சப்பாத்திலிருந்து தேள் ஒன்று விழுந்தது. இந்தக் கிழமையில் நான்காவது.

கொழும்பிலிருக்கும் மகனிடம் போனில் சொன்னது என் பிழை. "உம்மா, தனியக் கிடந்து தேளிட்டக் கொட்டு வாங்கவா? வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க. வெள்ளிக்கிழமை வேன் அனுப்புறன்" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. ராத்தா அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள்.

ராத்தா என் மூத்த சகோதரி. வடக்கிலிருந்து ஆயுதக்காரர் விரட்ட, ஒரு பையோடு வந்து, முகாமில் வருடங்கள் கழித்து, கரைத்தீவில் அவள் கட்டிய வீடு இது. அப்போது தென்னோலைக் கிடுகுக் கூரை. மாரிக்கு முன் வேய்வதற்கு வாங்கிய கிடுகுகளை நனையாமலிருக்கச் சுவரோடு அடுக்கியவள் நான். ஐம்பது ஐம்பதாக, மூலை பிசகாமல் அடுக்கினேன். வேய்கிறவர் வராததால் அந்த அடுக்கு மூன்று மாதம் அப்படியே கிடந்தது. பிறகு பாயிலும் சுளகிலும் உடுப்பு மடிப்பிலும் தேள் வந்தது. ஒன்பது நாளில் பதினொன்று என்று என் கொப்பியில் இருக்கிறது. பன்னிரண்டாவது ராத்தாவின் காலில் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் ஒரு பகல் வைத்திருந்து அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்தபோது, அவளுடைய கணவர், எங்கள் மச்சான், சாமான் கட்டிக்கொண்டிருந்தார்.

"வளவு சரியில்ல. முந்தல் ஊர்ல என்ட தம்பிட வீடு இரிக்கி, போவம்."

ராத்தா வீங்கிய காலைக் கதிரையில் தூக்கிவைத்தாள். "ஒருக்கா எழும்பச் சொன்னாங்க, எழும்பினம். அவங்கட கையில துவக்கு இருந்திச்சு. இதுட கையில என்ன இரிக்கி?"

"வால்ல இரிக்கே."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நீங்க போங்க. தேளும் நானும் பேசித் தீக்கிறம்."

வீக்கம் வற்றிய அன்றே, நீண்ட இடுக்கியால் ஒவ்வொரு கிடுகாகத் தூக்கி வெயிலில் போட்டாள். "வடிவாத்தான் அடுக்கியிரிக்கிறாய். தேளுக்கு மாடி வீடு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அடிக் கிடுகில் பெரிய தேள் ஒன்று, முதுகு நிறைய வெள்ளைக் குஞ்சுகளோடு இருந்தது. ராத்தா சற்று நின்றாள்.

"பிள்ளைக்காரிதான். ஆனா இது என்ட வீடு."

மண்வெட்டியால் ஒரே போடு. கட்டிய மூட்டையை மச்சான் தானே அவிழ்த்தார். ராத்தா மௌத்தாகும்வரை இந்த வீட்டை விட்டு எழும்பவில்லை. பிறகு வீடு எனக்கு வந்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு குசினிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். குளியலறை கட்டி மிஞ்சிய கற்கள், சுவரை ஒட்டி, மூலை பிசகாமல். அடுக்கியது நான்தான். எட்டு மாதமாகக் கிடக்கின்றன.

மகனுக்குத் திரும்பப் போன் எடுத்தேன். "வேன் வேணாம். நீட்டு இடுக்கி ஒண்டு வாங்கி அனுப்பு."

"உம்மாவுக்கு விசர்" என்றான்.

"ஓம்" என்றேன்.

பதினைந்தாம் திகதி, புதன்கிழமை. வெளிச்சம் வந்ததும் முதல் வேலையாகச் சப்பாத்தைப் படியில் மூன்று தரம் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. காலில் மாட்டிக்கொண்டு போய், மண்வெட்டி நுனியால் முதற் கல்லைப் புரட்டினேன்.