வயிறில்லாத வாத்தியம்

அந்தப் பலாப் பலகையை அப்பாவிடம் கேட்பதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கேட்டால் தரமாட்டார் என்பதல்ல பயம். தந்துவிடுவார் என்பதுதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் பாஸானவன். தாலுகா கச்சேரியில் நான் குமஸ்தாவாக உட்கார வேண்டும் என்பதற்காக, சின்ன வயதிலிருந்தே அப்பா என்னை உளி தொட விட்டதில்லை. விறகு பிளக்கக்கூட விட்டதில்லை. கை காய்த்துப் போனால் பேனா பிடிக்க வராதாம். கச்சேரியில் சேர்ந்தவுடன் எனக்கு எழுத்து மேசை செய்ய வேண்டும் என்று பரணில் ஒரு பலகையைப் போட்டு வைத்திருந்தார். பத்து வருடம் நிழலிலேயே காய்ந்த பலகை. நானோ பாஸாகி இரண்டு வருடம் மனுவாக எழுதித் தள்ளிவிட்டு, நாகர்கோவிலில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கிக் கொண்டிருந்தேன். அந்த மேசைப் பலகையைத்தான் கிட்டார் செய்யக் கேட்கவேண்டும்.

கிட்டார் பித்து பள்ளிக்கூடத்தில் வந்தது. மிஷன் பள்ளியின் பாட்டு அறையில் யாரும் சீண்டாத கிட்டார் ஒன்று கிடந்தது. மதிய இடைவேளைகளில் அதைத் தட்டித் தட்டி நானே விரல் பழகினேன். படிப்பு முடிந்த பிறகும் பள்ளி வாட்ச்மேனைக் கெஞ்சி, சனிக்கிழமைகளில் போய் வாசித்துவிட்டு வருவேன். அங்கே ஒருநாள் வேறு காரியமாக வந்த பேண்ட் மாஸ்டர் ஒருவர் நான் வாசிப்பதை நின்று கேட்டார். பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் ஊதி ஓய்வு பெற்றவர் அவர். நாகர்கோவிலில் கல்யாணங்களுக்கு வாசிக்கும் குழு ஒன்றை நடத்தி வந்தார். அந்த வருடம் ஒரு நாடகக் கம்பெனி அவர் குழுவைக் கொல்லத்திலிருந்து எர்ணாகுளம் வரை ஆறு மாதத்துக்கு அழைத்திருந்தது.

"விரலு கொள்ளாம், நல்லா ஓடுகு. ஆனா எனக்க கிளாரினெட்டுக்கும் ஆர்மோனியத்துக்கும் நடுவுல இது கொசு பாடுன மாதிரில்லா கேக்கும்" என்றார். என் கிட்டார் சத்தம் மற்றவற்றுக்கு மேலே கேட்குமானால் குழுவில் எனக்கு ஓர் இடம் உண்டு. அடுத்த மாதம் கோட்டாறில் ஒரு கல்யாணம். அங்கே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதே நான் எர்ணாகுளம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

எங்கள் கடையில் பழைய வெளிநாட்டு ரேடியோப் பத்திரிகைகள் உண்டு. அதில் ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன். கிட்டார்தான், ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. கெட்டியான ஒரே பலகை. கம்பிகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பியும். இரும்புக் கம்பி அதிரும்போது காந்தம் அதை மின்சாரமாக்கி ஆம்பிளிஃபயருக்கு அனுப்பும். உடம்பு ஏன் கெட்டியாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது: உள்ளே குடைவு இருந்தால், ஒலிபெருக்கியின் சத்தம் திரும்ப அந்தக் குடைவுக்குள்ளேயே புகுந்து, மீண்டும் ஒலிபெருக்கிக்குப் போய், ஒன்றையொன்று ஏற்றிவிட்டு ஊளையிடும். அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டேன்.

காந்தத்தை ஒரு செத்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றினேன். செம்புக் கம்பி, எரிந்துபோன ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. கடைச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கம்பியைச் சுருளாக்கினேன். இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை நின்றது. இனி மரம்தான் பாக்கி.

அப்பா தவில் கட்டை குடைகிற ஆசாரி. மிருதங்கம், உடுக்கு என்று தோல் கட்டி அடிக்கிற எதற்கும் கட்டை குடைவார். சுசீந்திரம் சுற்றுவட்டத்து மேளக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். பலாத் துண்டை மடியில் சாய்த்து, உளியால் உள்ளே சுரண்டி, வெளியே விரலால் தட்டி, காது கொடுத்து, மறுபடி சுரண்டுவார். நான் அவர் முன்னால் பத்திரிகைப் படத்தை விரித்து, பலகையைக் கேட்டபோது, அவர் மேசையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வயிறில்லாத்த சாமானம் எப்பிடி மக்கா பேசும்?"

காந்தம், சுருள், மின்சாரம் எல்லாவற்றையும் விளக்கினேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. சுசீந்திரம் கோவிலில் தட்டினால் பாடுகிற கல்தூண்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு எங்கே வயிறு என்று கேட்டேன். நல்ல கேள்வி கேட்டுவிட்ட பெருமை எனக்கு.

"அது கல்லு. மயிலாடிக் கல்தச்சன்கிட்ட கேளு, கல்லுக்கு எலும்பு பேசும்பான். மரத்துக்கு வயிறாக்கும் பேசும். முப்பது வருசமா நான் இதத்தான செய்யுகேன்?"

குடையக் கூடாது என்று அன்று சொன்னேன். மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது சொன்னேன். வேலை தொடங்கின அன்றும் சொன்னேன். மூன்று தடவையும் சரி என்றார்.

அந்தப் பதினைந்து நாட்களை நான் குறை சொல்ல முடியாது. விரல்பலகைக்குக் கட்டில் வேலையில் மிஞ்சிய ஈட்டி மரத் துண்டு கிடைத்தது. அதில் சுரம் பிரிக்கும் பித்தளைக் கட்டைகள் எங்கெங்கே வரவேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு இடைவெளியும் முன்னதைவிடக் குறுகிக்கொண்டே போகும். நான் காகிதத்தில் வகுத்து வகுத்துக் குறித்துக் கொடுத்தேன். அப்பா அந்தக் காகிதத்தை ஒரு மேளக்காரரிடம் எடுத்துக் காட்டி, எல்லாம் இவன் போட்ட கணக்கு என்று சொன்னதைக் கேட்டேன். என் படிப்பு அவர் கைவேலைக்குள் நுழைந்தது அந்த ஒரு தடவைதான்.

பலகை இழைக்க இழைக்க மஞ்சள் நிறம் வெளியே வந்தது. குளத்தில் காற்றடித்தால் தண்ணீர் நெளிவதுபோல் ரேகைகள். அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் தேய்த்தார். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது, அப்படிப் பதினோரு பூச்சு. விளிம்பு முழுக்கச் சுற்றி ஈட்டியில் ஒரு கறுப்புக் கோடு பதித்திருந்தார். நான் கேட்காத வேலை அது. மஞ்சளைச் சுற்றிக் கண்ணுக்கு மை இட்டதுபோல இருந்தது. தூக்கிப் பார்த்தபோது நினைத்ததைவிட எடை குறைவாக இருந்தது. கேட்டேன்.

"பத்து வருசம் காஞ்ச பலாத் தடியில்லியா மக்கா, கனம் காணாது" என்றார்.

நானும் விட்டுவிட்டேன். அதன் அழகு என் வாயை அடைத்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் விரலால் தட்டிப் பார்த்திருந்தால் போதும். தட்டிப் பார்ப்பது அப்பாவின் வேலை, என் வேலை கணக்குப் போடுவது என்று இருந்துவிட்டேன்.

கடையில் ஒரு ரேடியோவோடு இணைத்து வாசித்தேன். மெல்லிய சத்தத்தில் தேன்போல வந்தது. ரேடியோவைப் பெரிதாக வைத்தால் பக்கத்துத் துணிக்கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்று முதலாளி குறைத்தே வைக்கச் சொன்னார். பெரிய ஒலிபெருக்கியில் முதன்முதலாக அது பேசியது கோட்டாறில்தான்.

மத்தியானப் பந்தி முடிந்து, பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டு கூட்டம் உட்கார்ந்திருந்தது. இரண்டு பெரிய கூம்பு ஒலிபெருக்கிகளைத் தென்னைமரங்களில் மேடையைப் பார்த்தே கட்டியிருந்தார்கள். மாஸ்டர் கிளாரினெட்டை எடுத்தார். நான் தொடங்கினேன். நான்கு பேர் என் மடியிலிருந்த மஞ்சள் பலகையைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். மாஸ்டர் திரும்பிப் பார்த்துப் புருவத்தால் 'இன்னும் கூட்டு' என்றார். மைக் செட்காரர் திருகினார்.

ஊளை அடிக்கம்பியிலிருந்து கிளம்பியது. கையால் பொத்தினேன், நிற்கவில்லை. குமிழைக் குறைத்தேன், ஊளை நின்றது, கிட்டாரும் நின்றது. மாஸ்டர் மறுபடி கூட்டச் சொன்னார். மறுபடி ஊளை. பந்தலில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

"லேய், எவனாம் நரியக் கெட்டி இழுத்துட்டு வந்திருக்கானா?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். பந்தல் மொத்தமும் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து மேடைப் பக்கம் வந்தார். "தாலி கெட்டின எடத்துல என்ன ஓய் ஒப்பாரி? அந்தச் சவத்த நிறுத்தச் சொல்லும்."

மாஸ்டர் என்னைப் பார்க்காமலே கையைக் கீழே அசைத்தார். கிட்டாரின் ஒயரை அவிழ்த்தார்கள். இறங்கிப் போவதற்கு வழியில்லாத நடு இடம் என்னுடையது. மீதி இரண்டு மணி நேரமும் மேடையில், பேசாத கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கடையில் மூத்த மெக்கானிக் அதை வாங்கி, விரல் முட்டியால் நடுவில் ஒரு தட்டு, ஓரத்தில் ஒரு தட்டு தட்டினார்.

"ரெண்டு பக்கமும் பொள்ளையாக்கும்லே இது. கெட்டியாட்டு வேணும்னு அப்பாகிட்ட சொல்லேலியா நீ?"

விளிம்பிலிருந்த கறுப்புக் கோட்டைத் திருப்புளியால் நெம்பினேன். அதற்கு அடியில் பலகை இரண்டாகப் பிளந்து ஒட்டப்பட்டிருந்தது. கீழே தடித்த பாகம், மேலே மூடிபோல ஒரு மெல்லிய பாகம். ஒட்டின இடம் தெரியாமல் இருக்கத்தான் அந்த மை.

வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் தவில் கட்டை பார்க்க இரண்டு மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. அவர்கள் இருக்கும்போதே சொல்ல வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

"எழுத்துக்கூட்டத் தெரியாத்த ஆளுகிட்டப் போயி புதுசா ஒரு சாமானத்தச் செய்யச் சொன்னேம்லா, என்னயச் சொல்லணும். ஒமக்கு வயிறு குடையதத் தவுத்து வேற என்ன தெரியும்?"

அதுவரை அப்பாவை நான் 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறேன். கூலிக்கு வந்தவனிடம் பேசுவதுபோல 'ஒமக்கு' என்று வந்தது அன்றுதான். மேளக்காரர்கள் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார்கள்.

அப்பா உளியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சத்தம் வராம, அத்தன பேருக்க முன்ன நீ பலகைய வச்சிட்டு முழிச்சிட்டு இருந்துரப்படாதேன்னாக்கும் மக்கா. நடுவுல ஒனக்கு வேண்டியத அப்பிடியே விட்டேன். ரெண்டு பக்கமும் மட்டும் கொஞ்சம்போல..." என்றார். பிறகு, "என்ன செய்யணும்னு சொல்லு. அடைச்சுத் தாரேன்."

அடைத்தும் தந்தார். மூடியைப் பெயர்த்து, குடைந்த இடத்தின் வடிவத்துக்கே பலாத்துண்டு செதுக்கி, பசை வைத்து, இறுக்கிக் கட்டி, மறுபடி பாலீஷ் போட்டார். மூன்றே நாள். நான்காம் நாள் கடையில் துணிக்கடைக்காரரிடம் மன்றாடி, பெரிய ஆம்பிளிஃபயரில் முழுச் சத்தத்தில் வைத்துப் பார்த்தேன். ஊளை இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கிட்டாரைத் தடவிப் பார்த்தார். நல்ல வேலை என்றார்.

"நான் வேண்டாம்னு சொல்லுவனாலே? நாடகக் கம்பெனிக்காரன் மாப்பிள வீட்டுக்குச் சொந்தமாக்கும். அவனும் அன்னிக்குப் பந்தல்ல இருந்தான். அந்த நரி வேண்டாங்கான்."

மார்த்தாண்டத்திலிருந்து மாண்டலின் வாசிக்கிற ஒருவனைச் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் கொல்லத்துக்குக் கிளம்பின காலை நான் கடையில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இதற்கிடையில் எங்கள் தாலுகாக்கள் மலையாள நாட்டிலிருந்து பிரிந்து மதராஸோடு சேர்ந்துவிட, மலையாளம் எழுதிய குமஸ்தாக்கள் பலர் வடக்கே போய்விட, தமிழ் எழுதத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். எனக்குக் கச்சேரி வேலை கிடைத்துவிட்டது. அப்பா தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததாக அவர் நம்புகிறார். அல்லது நான் அப்படி நம்ப வேண்டும் என்று விரும்புகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டாரை எடுத்துக்கொண்டு பழைய கடைக்குப் போகிறேன். முதலாளி இன்னும் அனுமதிக்கிறார். ஒரு மணி நேரம் வாசிப்பேன். நன்றாகவே பேசுகிறது. அப்பா அது பேசி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. நான் இல்லாத சமயங்களில் கம்பியைச் சுண்டிவிட்டுப் பலகையில் காதை வைத்துக் கேட்கிறார் என்று அம்மா சொன்னாள். நான் திரும்பி வந்தால், "இப்ப எப்பிடிப் பேசுகு மக்கா?" என்று கேட்பார். பரவாயில்லை என்பேன். நானும் ஒருநாள் வரட்டுமா என்பார். கடையில் இடமில்லை, கரண்டு வரவில்லை, முதலாளிக்குப் பிடிக்காது என்று ஏதாவது ஒன்று என் வாயில் தயாராக இருக்கிறது. பஸ்ஸில் அரைமணி நேர வழி. அவரை அழைத்துப் போகாமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் கிடையாது; எனக்கு இன்னும் ஆறவில்லை என்பதைத் தவிர.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது அப்பா குளித்து, வெளுத்த வேட்டியும் துண்டுமாக வாசலில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னிக்குக் கட பூட்டியிருக்கும்" என்றேன்.

என் தோளில் தொங்கிய கிட்டார் பையைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டுத் துண்டை மடித்துக் கொடியில் போட்டார். பாதி குடைந்த தவில் கட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பஸ் ஏறினேன்.