முதுகு தேய்ந்த உடுப்பு

தையலக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ஆறு மாதத்துக்கு முன் பட்டப்பகலில், தெருவில் எவனோ ஒருவன் அவள் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். குப்புற விழுந்தவளுக்கு 'ஐயோ' என்று கத்தக்கூட வாய் வரவில்லை. அன்றிலிருந்து நூல் வாங்கப் போவதென்றாலும் கணவர் துணைக்கு வரவேண்டும். அந்த மனிதரும் முகம் சுளிக்காமல் வந்தார். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். தெருவில் தனியாக நடக்க முடியாத பிழைப்பும் ஒரு பிழைப்பா?

தற்காப்புக் கலை படிக்கப் போகிறேன் என்றாள். வீட்டில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஊசியில நூல் கோக்கவே கண்ணாடி தேடுறியேம்மா!" என்றாள் மகள்.

"சிரிடி, நல்லா சிரி. முதல் உதை உனக்குத்தான்."

சுற்றுவட்டாரத்தில் மூன்று பள்ளிகள். மூன்றின் விளம்பரப் பலகையிலும் மாஸ்டர் காற்றில் பறந்துகொண்டிருந்தார். யாரை நம்புவது? தையலக்கா பலகையை விட்டுவிட்டு, தன் கடையில் குவிந்து கிடந்த வெள்ளை உடுப்புகளைப் புரட்டினாள். மூன்று பள்ளிக்கும் தையல் வேலை செய்பவள் அவள்தானே!

முதல் பள்ளி உடுப்புகளில் முழங்காலில் மட்டும் ஓட்டை. பிள்ளைகளை மணிக்கணக்கில் முட்டி போட வைக்கிறார்கள், படுபாவிகள்! இரண்டாவது பள்ளியிலிருந்து கிழிசலே வராது. மாதம் தவறாமல் புது நிறத்தில் பெல்ட் தைக்கச் சொல்லி மட்டும் ஆள் வரும். வியர்வை சிந்தாமலே பட்டம் கிடைக்கிற இடம் போலிருக்கிறது. மூன்றாவது பள்ளி உடுப்புகள் எல்லாம் முதுகிலும் தோளிலும் தேய்ந்திருந்தன. அவற்றில் ஒன்றுக்கு அவளே நான்கு தடவை ஒட்டுப் போட்டிருந்தாள்.

மறுநாள் அதை வாங்க, வழக்கமாக வரும் பையனுக்குப் பதில் ஓர் இளம்பெண் வந்தாள்.

"யாரும்மா இப்படி அடி வாங்குறது? பாவமா இருக்கு."

"நான்தான்க்கா. நான்தான் அங்க மாஸ்டர். புதுசா வர்றவங்களுக்குப் பயம் தெளியணுமில்ல? என்னையே தூக்கிப் போடச் சொல்லுவேன்."

தையலக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று மாலையே, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து, போய் நின்றுவிட்டாள்.

"இன்னைக்கு விழ மட்டும் கத்துக்கலாம்க்கா. மோவாய நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கோங்க. முதுகு பாயில படும்போது ரெண்டு கையாலயும் ஓங்கித் தட்டி, சத்தமா கத்துங்க."

விழுந்தாள். பாயைத் தட்டினாள். சத்தம் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. அந்தத் தெரு கண்முன் வந்து கண் கலங்கிவிட்டது.

"அவசரமே இல்லக்கா. இன்னொரு தடவை."

ஏழாவது தடவை, "ஏய்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூடமே திடுக்கிட்டது. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. பிறகு ஆசை தீர இன்னும் பத்து தடவை விழுந்து கத்தினாள்.

வாசலில் கணவர் ஸ்கூட்டரோடு காத்திருந்தார்.

"ரொம்ப வலிக்குதா? ஏறு."

"வலி உயிர் போகுது. நீங்க வீட்டுக்குப் போங்க. நான் நூல் வாங்கிட்டு வந்துடறேன்."

"நானும் வர்றேனே…"

"வேணாங்க," என்றவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் தனியாக நடந்தாள்.