மேலத்தெருவுக்குத் துணி, கீழத்தெருவுக்குக் கேள்வி

நர்ஸ் உத்தியோகத்தில் ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் ஒரே மாதத்தில் பழகிவிடும். தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் கடைசிவரை பழகாது. என்னைப்போல நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகக் கேள்வி கேட்டு அலைந்த ஜன்மம் யாராவது இதைப் படித்தால், 'ஆமாண்டியம்மா' என்று தலையாட்டும்.

யுத்தம் முடிந்தும் துணிக்கு இன்னும் ரேஷன் இருந்த சமயம். நர்சுகளுக்கும் பட்டப்படிப்பு என்று பட்டணத்தில் புதிதாக ஆரம்பித்தார்கள். ஏழு வருஷம் வார்டில் மாடாக உழைத்த நான், சும்மா இருக்காமல் அதில் போய்ச் சேர்ந்தேன். கடைசியில் ஓர் ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுத வேண்டும். நான் பெரம்பலூர்க்காரி, எங்கள் பக்கத்து வியாதியான நரம்புச் சிலந்தியை எடுத்துக்கொண்டேன். புண்ணுள்ள காலோடு படிக்கிணற்றில் இறங்கினால், காலிலிருக்கும் புழு தண்ணீரில் குஞ்சு விடும். தண்ணீரிலுள்ள பொடிப்பூச்சி அதைத் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் காலில், ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, முழ நீளப் புழு எட்டிப் பார்க்கும். துணியில் வடிகட்டிக் குடித்தால் வராது. அவ்வளவுதான்.

உடையார்பாளையம் ரோட்டில் ஓர் ஊர். அங்கே மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரே படிக்கிணறு. எங்களுக்குப் பாடம் எடுத்த வெள்ளைக்காரத் துரைசானியம்மா கண்டிஷன் போட்டுவிட்டார். மேலத்தெருவுக்கு வடிகட்டச் சொல்லிக்கொடுத்துத் துணியும் கொடுக்க வேண்டும். கீழத்தெருவில் கேள்வி மட்டும் கேட்க வேண்டும், மூச்சு விடக் கூடாது. அடுத்த கோடை போய் அதற்கடுத்த கோடையில் மேலத்தெருவில் புழு குறைந்து கீழத்தெருவில் குறையாமல் இருந்தால் எனக்குப் பட்டம். அரியலூர் ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே ஒரு நர்சும் போடுவார்கள். இல்லையென்றால் பழைய வார்டு, பழைய பெட்பான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

எல்லாரும் உத்தமர்கள்

மேலத்தெருவில் துணி கொடுத்துவிட்டு வந்து, பதினைந்தாம் நாள் போய்க் கேட்டேன். "வடிகட்டறீங்களா?" "ஆமாங்க." "தினமுமா?" "ஆமாங்க." ஒரு வீடு பாக்கியில்லை. ஒவ்வொரு பானை வாயிலும் துணி பளீரென்று கட்டியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி வீட்டில்தான் கொஞ்சம் உறைத்தது. பதினைந்து நாள் தண்ணீர் வடிகட்டின துணியில் மடிப்புக்கூடக் கலையாமல் இருக்குமா? அந்த வீட்டு ராசாத்தியை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தேன். மற்ற நாளெல்லாம் துணி டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கும், மகள் வளைகாப்புக்கு ஆகும் என்றாள். அப்போதெல்லாம் அரியலூரிலிருந்து வருவது கரி எரித்து ஓடும் பஸ். அது முக்கி முனகி வரும் சத்தம் முந்திரிக்காடு தாண்டும் முன்பே ஊருக்குள் கேட்டுவிடும். ராசாத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு ரொம்பப் பரிவாகச் சொன்னாள்: "கட்டிக்கவே துணி இல்லாத காலத்துல பானைக்குக் கட்டச் சொல்றீங்க. ஆனா நீங்க வெசனப்படாதீங்க நர்சம்மா, பஸ் சத்தம் கேட்டதும் எடுத்துக் கட்டிடறேன்ல!"

பிள்ளைவாளின் சைவம்

இனிமேல் வாயால் சொல்லிப் பயனில்லை என்று, அடுத்த தடவை ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுபோனேன். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தேன். முதலில் குனிந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் சிதம்பரம் பிள்ளை. வெங்காயம்கூடத் தொடாத மனுஷர். கிண்ணத்துக்குள் துள்ளித் துள்ளிப் போகிற பூச்சியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, துணியில்லாமல் குடத்தைத் தூக்குகிற மேலத்தெருப் பெண்களை ஒரு பிடி பிடித்தார். அவர் தொண்டை பள்ளிக்கூடத்துத் தொண்டை, நாலு தெருவுக்குக் கேட்கும். நான் ஓடிப்போய், "ஐயா, மெதுவாங்க. கீழத்தெருவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் பரீட்சை போயிடும்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை, அவர் துக்கம் அவருக்கு. "ஏம்மா, அறுவது வருசமா நான் சைவம்னு நெனச்சுக்கிட்டிருந்தேனே, அதக் கெடுக்கத்தான் பட்டணம் போய்ப் படிச்சிட்டு வந்தியா?"

செல்லம்மாவின் கால்

கீழத்தெரு செல்லம்மாவுக்குக் கணுக்காலில் புழு தலை நீட்டிவிட்டது. வண்டியில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் புழுவைப் பிடுங்கி எடுக்க முடியாது. இழுத்தால் அறுந்து கால் வீங்கிவிடும். ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, நாளைக்கு ஒரு விரற்கடை மட்டும் உருட்ட வேண்டும். விதைப்புக் காலத்தில் ஒரு பொம்பளை மாசக்கணக்கில் காலை நீட்டி உட்கார்ந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? புருஷன்காரன் தினமும் வந்து கட்டிலடியில் நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆராய்ச்சி முடியும்வரை எனக்கு அங்கேதான் டியூட்டி; குச்சி சுற்றுகிற நர்ஸ் நான்தான். "இது எப்புடிங்க வந்துச்சு?" என்று தினமும் கேட்பாள். எனக்கு நாக்கின் நுனியில் நிற்கும். துரைசானியம்மா முகம் ஞாபகம் வரும். "கட்டு நனையக் கூடாது செல்லம்மாக்கா, ஆறுற வரைக்கும் கிணத்துல மட்டும் இறங்கவே கூடாது" என்று, ஆஸ்பத்திரி விதி போல, அதைமட்டும் பத்துத் தடவை சொல்லுவேன். வேறு கேட்டால் சீலிங்கைப் பார்ப்பேன். வீட்டுக்குப் போகிற அன்றைக்கு அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னாள்: "பதில் தெரியாம முழிக்கிற வைத்தியக்காரங்களப் பாத்திருக்கேன். நீங்க தெரிஞ்சுக்கிட்டே முழிக்கிறீங்க."

புழு இல்லாத தெரு

ஊருக்கு வெளியே ஒரு தெரு இருந்தது. அந்த ஜனங்கள் படிக்கிணற்றில் இறங்கக் கூடாது என்று ஊர்க்கட்டு இருந்த காலம். தாங்களே தோண்டிக்கொண்ட கிணற்றில் கயிறு போட்டு இறைத்துக் குடித்தார்கள். ஒப்புக்கு அங்கேயும் ஒரு நடை போனேன். ஒருத்தர் காலிலும் புழு இல்லை, யாருக்கும் வந்ததாக ஞாபகமும் இல்லை. யாரும் கால் வைத்து இறங்காத கிணற்றில் புழு எங்கிருந்து வரும்?

அதை அங்கிருந்த மாரிமுத்து என்கிற ஏர்க்காரருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமாக இருந்தது. "அப்ப, எறங்கக் கூடாதுன்னு எங்களத் தொரத்துன மவராசங்களுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வரட்டுங்களாம்மா?" என்றார்.

கிணற்றடி விசாரணை

ஒருநாள் கீழத்தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் என்னைக் கிணற்றடியில் மடக்கிவிட்டார்கள். "மாசா மாசம் வரீங்க, எழுதுறீங்க, போறீங்க. எங்க தண்ணிக்கு என்னா கேடு?" என்று ஒருத்தி. "அடுத்த வருஷம் உங்களுக்கும் எல்லாம் உண்டு" என்று வழிந்தேன். "அடுத்த வருசம் எங்க காலு இருக்குமா?" என்று இன்னொருத்தி. நான் நோட்டை மூடினேன். பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண், இடுப்புக் குடத்தோடு, பட்டென்று கேட்டாள்: "அவங்களுக்குத் துணி, எங்களுக்கு வெறுங் கேள்வியா? எங்க வூட்டுத் தண்ணி மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?"

பஸ் வராத நாள்

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. பட்டம் எவளுக்கு வேண்டும், போகட்டும் என்று தோன்றிவிட்டது. என்னுடைய பழைய வெள்ளைப் புடவைகள் இரண்டைக் கிழித்துத் துண்டு போட்டு, பையில் திணித்துக்கொண்டு, கீழத்தெருவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். தை மாசம். கரி பஸ் முந்திரிக்காட்டில் படுத்துவிட்டது. கடலை மூட்டை ஏற்றின மாட்டு வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் ஊருக்குள் கீழ்ப்பக்கமாக நுழைந்தேன்.

பார்த்தால், தெரு முழுக்க ஒவ்வொரு பானை வாயிலும் துணி! புதுத் துணி இல்லை. பழம்புடவை, கிழிந்த வேட்டி, மடித்து மடித்து நாலாக்கிக் கட்டியிருந்தார்கள். தினமும் நனைந்து பழுப்பேறின துணி. செல்லம்மா குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஐயையோ, பஸ்ஸு வரலியே!" என்று துணியை உருவி முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு எல்லாம் வெளியே வந்தது. சிதம்பரம் பிள்ளை போட்ட சத்தத்தில் வடிகட்டுகிற விஷயமும், நான் கெஞ்சின விஷயமும் சேர்ந்தே கீழத்தெருவுக்குப் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பின செல்லம்மா, 'கிணத்துல இறங்காதே' என்று நான் பத்துத் தடவை சொன்னதையும் அதையும் சேர்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறாள். அன்றைக்கே தெருவைக் கூட்டிச் சொல்லிவிட்டாள். அப்புறம் எந்தத் தெருக்காரரானாலும், காலில் புண் உள்ளவர் யாரையும் படி இறங்க விடுவதில்லை; அவர்கள் குடத்தை இவளே மொண்டு கொடுத்திருக்கிறாள். என் பஸ் சத்தம் கேட்டதும் மேலத்தெருவில் துணி கட்டினார்களென்றால், கீழத்தெருவில் அவிழ்த்திருக்கிறார்கள். கிணற்றடியில் என்னை மடக்கினது நிஜக் கோபம்தான், ஆனால் வடிகட்டுகிறதை மட்டும் ஒருத்தி வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பையிலிருந்த புடவைத் துண்டுகளை எடுத்து செல்லம்மா மடியில் போட்டேன். அவள் குற்றம் செய்தவள் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நீங்க கேட்டா எல்லாரும் 'இல்லீங்க'ன்னு சொல்லணும்னு பேசி வெச்சுக்கிட்டோம். உங்க படிப்பு கெட்டுடக் கூடாதுல்ல? அதுக்காவ அந்தத் தண்ணிய அப்புடியே குடிக்கவா முடியும்?"

தீர்ப்பு

அந்தக் கோடை போயிற்று. அடுத்த வருஷச் சித்திரை வந்தது, வைகாசி வந்தது. இரண்டு தெருவிலும் வீடு வீடாகக் காலைப் பார்த்தேன். செல்லம்மா வரப்பில் விடுவிடென்று நடந்து போனாள். எல்லாவற்றையும், கயிற்றுக் கிணற்றையும் மாரிமுத்து சொன்னதையும் சேர்த்து, உள்ளது உள்ளபடி எழுதிப் பட்டணத்துக்கு எடுத்துப்போனேன். துரைசானியம்மா இரண்டு தரம் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், நல்ல தமிழில் நிதானமாகச் சொன்னார்: "இரண்டு தெருவுக்கும் வித்தியாசமே இல்லை. ஆகையால் உன் போதனையால் பலன் உண்டு என்று நிரூபணமாகவில்லை."

ஆக, அந்த ஊரில் ஒருத்தர் கால்கூட நொண்டாத காரணத்தால் நொண்டிப்போனது என் ஆராய்ச்சி ஒன்றுதான்.