பாரி பாய் தண்ணீர் ஊற்றிய இறுதியாட்டம்

அப்துல் பாரிக்கு யாங்கோன் நகரின் லான்மடா பகுதியில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை. தகப்பனார் அதிராம்பட்டினத்திலிருந்து வந்தவர். பாரி 1959இல் இங்கேயே பிறந்தார். எங்கள் தமிழ் ஹாக்கிக் குழுவுக்கு இருபது வருடங்களுக்கு மேல் அவர்தான் கோல்கீப்பர். காலில் கட்டும் பேடுகளைக் கடைத் தார்ப்பாயில் பஞ்சு அடைத்துத் தானே தைத்துக்கொண்டார். பார்க்கச் சகிக்காது. ஆனால் பந்து பட்டால் அங்கேயே செத்து விழும்.

குழுவின் ஆட்டக் குறிப்புகளை எழுதி வருபவன் நான். வயதானவர்கள் எல்லாரையும் அழைப்பதுபோல் என்னையும் பர்மிய வழக்கப்படி ‘சயா’ என்பார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: “சயா, மத்தவங்க ஆட்டத்துல எதிராளி மூஞ்சியப் பாக்குறாங்க. நான் நம்மாளுங்க முதுகத்தான் பாக்குறேன். யாரு சோர்ந்துட்டான், யாரு கோவமா இருக்கான், முதுகே சொல்லிடும்.”

கோப்பைப் போட்டியில் பர்மியர்களின் மிங்கலாடோன் குழுவிடம் மூன்று இறுதியாட்டங்களில் தோற்றிருந்தோம்: 1989, 1992, 1995. நான்காவது முறை 1997 ஜனவரி கடைசி ஞாயிறு, நோன்பு மாதத்தில் வந்தது. பாரிக்கு முட்டி வலி. கோப்பை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இதுவே கடைசி இறுதியாட்டம் என்று மனைவி நபீஸாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

எங்கள் பதினொருவரில் ஐந்து பேர் முஸ்லிம்கள். ஐவரும் நோன்போடு ஆடினார்கள். பாதியாட்டத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். பாரி மைதான ஓரத்துக்கு வந்ததும் நேரே கேப்டன் ரெங்கசாமியிடம் போனார். ரெங்கசாமி நகராட்சிக் குழாய் வேலைக்காரர், சென்டர் ஹாஃப், எங்களில் அதிகம் ஓடுபவர்.

“என்னாப்பா, எட்டு எட்டா வச்சு ஓடுறவன் இன்னிக்குக் கல்யாணப் பொண்ணாட்டம் நடக்குற?”

“ஒண்ணுமில்ல பாய்.”

“தண்ணி குடிச்சியா?”

ரெங்கசாமி குனிந்து காலுறையை இழுத்துவிட்டார். மற்ற ஐந்து இந்துப் பையன்களும் புல்லைப் பார்த்தார்கள். குழுவின் தண்ணீர்ப் பானை மூடியபடியே இருந்தது. நோன்பாளிகள் எதிரில் குடிக்கக்கூடாது என்று ஆறு பேரும் காலையிலிருந்து சொட்டு நீர் தொடவில்லை. தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள், எங்களுக்குத் தெரியாது.

“நீங்க நாக்கு வறண்டு நிக்கையில நாங்க மட்டும் குடிக்கிறதா பாய்?” என்றார் ரெங்கசாமி.

“ஒன்ன யாருடா நோன்பு பிடிக்கச் சொன்னா? நான் விடியுமுன்ன ஸஹர் சாப்ட்டு, நோன்புன்னு மனசுல நிய்யத்து வச்சு நிக்கிறேன். நீ பட்டினி கிடந்து நிக்கிற. ரெண்டும் ஒண்ணா?”

“மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“ஆடி மாசம் தீமிதிக்கு நீ விரதம் இருந்தப்ப ஒன் எதிர்லயே உக்காந்து பிரியாணி தின்னேனா இல்லியா?”

“தின்னீங்க. எலும்பையும் கடிச்சீங்க.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்குமுன் பாரி கையுறையைக் கழற்றினார், பானையைத் திறந்தார், தகரக் குவளையில் மொண்டு ரெங்கசாமியின் வாயருகே நீட்டினார். காய்ந்து வெடித்த உதட்டோடு ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும்போது மறுப்பது எளிதல்ல. ஆறு பேருக்கும் அவரே ஊற்றினார். ரெங்கசாமிக்கு இரண்டு குவளை. “ஒரே குழுன்னா எல்லாரும் ஒண்ணா காயிறது இல்லப்பா. முடியிறவன் முடியாதவனுக்கும் சேத்து ஓடணும். நான் நிக்கிறேன், நீ ஓடு” என்றார்.

ஓடினார்கள். இரண்டாம் பாதியின் பத்தாவது நிமிடம் சமன் செய்தோம். பெனால்டி கார்னரில் ரெங்கசாமி அடித்தது இரண்டாவது கோல். அதன்பின் மிங்கலாடோன்காரர்கள் எங்கள் பக்கமே குடியிருந்தார்கள். பாரி ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தார். கடைசியில் கால் மடங்கி விழுந்தார். பந்து அவரைத் தாண்டி உருண்டது. எதிர்ப்பாதியிலிருந்து ஓடிவந்த ரெங்கசாமி கோல்கோட்டின் மேலேயே மட்டையை வைத்து அதை வெளியே தள்ளினார். அந்த ஓட்டம் முதல் பாதியின் ரெங்கசாமியால் ஓடியிருக்க முடியாதது. நடுவர் விசில் ஊதினார். இரண்டுக்கு ஒன்று.

பாரி எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே வானத்தைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் என்றார். எழுப்பி உட்கார வைத்தது மிங்கலாடோன் கேப்டன் கோ தெய்ன்; ‘கோ’ என்றால் பர்மியத்தில் அண்ணன். மூன்று முறை எங்களை வென்றவர். பாரியின் பேடுகளையும் அவரே குனிந்து அவிழ்த்தார்.

“கோ பாரி, அடுத்த வருசம் இறுதியாட்டத்த உங்க நோன்பு மாசத்துல வைக்க வேணாம்னு கமிட்டியில சொல்லப்போறேன். வயிறு நெறஞ்ச உங்கள ஜெயிச்சாத்தான் எங்களுக்குக் கௌரவம்” என்றார் பர்மியத்தில்.

பாரி வலித்த முட்டியைத் தேய்த்துவிட்டார். பர்மியத்திலேயே சொன்னார்:

“வேணாம் தெய்ன். நோன்புலயே வைங்க. உங்களுக்கும் ஒரு வாய்ப்பு வேணும்ல.”